மடியில் ஒரு சின்னப் பிஸ்டல்: உப்புக்காற்று ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுதபூஜை அன்று தொண்டியில் மாமா வீட்டில் தராசு, கணக்கு நோட்டு, வேன் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்கள். கடைசியாக மாமா பீரோவைத் திறந்து தன் .32 பிஸ்டலை எடுத்து வந்தார். அவருக்குக் கருவாடு மொத்த வியாபாரம். வசூல் பணத்தோடு ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வர வேண்டியிருக்கிறது என்று சொல்லி வாங்கிய லைசென்ஸ். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டு, "காலிதான், பயப்படாதே" என்றார் அத்தையிடம். அப்புறம் என்ன தோன்றியதோ, பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடை ஒரு தடவை பின்னால் இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா தெறித்துப் பொரித் தட்டில் விழுந்தது.

மேகசினை எடுத்தால் துப்பாக்கி காலி என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு இதில் கிடையாது. ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லா அறைகளும் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏறிய தோட்டாவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். முதலில் மேகசின், அதற்குப் பிறகு ஸ்லைடு. ஸ்லைடைப் பிடித்தபடியே சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும், வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் வினை. ஸ்லைடை இழுத்து விட்டுவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், போன தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறி உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் செய்யும்போது குழல் ஆள் இல்லாத திசையைப் பார்க்க வேண்டும், விரல் விசைக்கு (ட்ரிகருக்கு) வெளியே இருக்க வேண்டும்.

சின்னதாக இருப்பதால் சுடுவதும் சுலபம் என்று பலர் நம்புகிறார்கள். மறைத்து வைக்க வசதிதான், எடையும் குறைவுதான். 2014இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் சொன்னது அதன் அரை கிலோ எடையைத்தான். ஆனால் குழல் குட்டையானால் குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் உள்ள இடைவெளியும் குறையும். கை இம்மி அசைந்தாலும் குண்டு விலகும். அதே தோட்டாவைச் சுட்டாலும் எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகம் உதைக்கும். பெரியதைவிடச் சின்னதற்குத்தான் பழக்கம் அதிகம் வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நாளோடு மாமா சுடுவதை மறந்துவிட்டார். அவருடைய பிஸ்டலால் திருடனுக்கு ஆபத்தா, பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்தா என்பது எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

தோட்டா வாங்கும்போது வெறுமனே "முப்பத்திரண்டு" என்று கேட்காதீர்கள். .32 ரிவால்வர் தோட்டா வேறு, 7.65 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் .32 பிஸ்டல் தோட்டா வேறு. 9 மில்லிமீட்டர் பக்கமே போக வேண்டாம். அது இங்கே தடை செய்யப்பட்ட ரகம். அதை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுச் சிறை.

சரி, எங்கே வைத்துக்கொள்வது? நம் பக்கத்து வியாபாரிகளுக்குக் கை தானாகப் போவது வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டுக்கு. மாமாவும் அதன் பையில்தான் செருகிக்கொள்வார், கூடவே கடைச் சாவிக்கொத்து. விசைக்குள் சாவி நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விசையை முழுசாக மூடும் கெட்டியான உறை தனியாக வேண்டும். 2016 ஆயுத விதிகளும் பொது இடத்தில் உறையிலோ பையிலோ, வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்கின்றன. டீக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டுவது வீரம் இல்லை, விதிமீறல். கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு, அதனால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வந்தால், 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம்.

ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர் செய்யும் தவறு இன்னொரு வகை. கோயிலுக்குள் செல்போனுக்கே இடமில்லை. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து வருவதற்குள் மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை காரின் டாஷ்போர்டில் பிஸ்டல் கிடந்தால், கண்ணாடியை உடைக்கிறவனுக்கு நீங்களே ஆயுதம் கொடுத்தது போல. அன்றைக்கு அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வருவதுதான் புத்தி.

இனி நம் ஊருக்கே உரிய எதிரி, உப்பு. பாம்பனிலோ கீழக்கரையிலோ ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புப் பூச்சு ஏற்றிய எஃகை வெறும் காற்றே தின்றுவிடும். இடுப்பு வியர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இதில் மாமா செய்தது இரண்டு தப்பு. தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தார். தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு இரும்போடு ஒட்டியே இருக்கும். உறையை அணியலாம், அதற்குள் போட்டு பீரோவில் வைக்கக் கூடாது. அடுத்தது, தேங்காய் எண்ணெய். தலைக்கு நல்லதென்றால் துப்பாக்கிக்கும் நல்லது என்று நினைத்துவிட்டார். மார்கழி விடியலில் அது உறைந்தது, வெயிலில் இளகியது, நாளாக நாளாகப் பிசினாகி மணலைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மேகசினின் மேல்தட்டை விரலால் அழுத்தினேன். உள்ளே போனது, திரும்பி மேலே வரவில்லை. ஸ்பிரிங் துருவில் சிக்கி நின்றது. துப்பாக்கிக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை வாரத்துக்கு ஒரு தடவை துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மேகசினின் உள்பக்கத்தையும் மறக்கக் கூடாது.

இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, ராத்திரியில் குளத்தில் வலை போட்டுத் திருடுகிறவனைச் சுடலாமா? கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. வெறும் திருட்டுக்கு எதிராக உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த உரிமை நீளாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருக்க வேண்டும். ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லி நிற்பது கடினம்.

படகில் கொண்டுபோவது பற்றி ஒரே வரி: வேண்டாம். கச்சத்தீவுப் பக்கம் எல்லைக்கோடு தாண்டிப் பிடிபட்டால் வலைக்கும் படகுக்குமே பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். துப்பாக்கியும் இருந்தால் கதையே வேறு.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொன்னால், நன்றாக எண்ணெய் போட்டு, தோல் உறை இல்லாமல் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டினால் நேற்றுவரை உங்களுடையதாக இருந்த பிஸ்டல் இன்று சட்டவிரோத ஆயுதம்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் சொல்லி வைப்பதில்லை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாமா போன பிறகு பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அத்தை அதைத் தொட மறுத்துவிட்டார். நான்தான் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு எடுத்துப் போனேன். அந்த ரசீது இன்னும் அத்தையின் ரேஷன் கார்டு டப்பாவில் இருக்கிறது.