திமிங்கிலம் இழுத்தால் அறுகிற கயிறு: கூட்டுக்கு மிதவைக் கயிறு தயார் செய்யும் முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் பிப்ரவரி என்றால் கரையோரப் படகுகள் பெரும்பாலும் தரையேறிவிடும். எங்கள் படகும் அப்படித்தான். கேப்டனின் கொட்டகையில் ஒரு ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கயிறு வேலை பார்ப்போம். நான் தூத்துக்குடிப் பக்கம் கூடு, அதாவது கடலடியில் இறக்கும் பொறி, வைத்து மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவன். மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்ததால் கூடவே வந்தேன். ஆறு சீசனாக ஒரு சிங்கி இறால் (லாப்ஸ்டர்) படகில் கேப்டனுக்கு உதவியாளாக இருக்கிறேன்: கூடு தூக்குவது, இரை வைப்பது, திரும்ப இறக்குவது.

அடுத்த துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி போன வாரம் போன் செய்தான். "அண்ணை, கயித்தில ஊதா நிறம் அடிக்கச் சொல்லினம், நடுவில வெட்டிப் பலவீனமான துண்டு ஒண்டு வைக்கச் சொல்லினம். நல்ல கயித்தை ஏன் வெட்ட வேணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரியாமல் செய்கிற கை அவசரத்தில் தப்பு செய்யும். இந்தக் கடலில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. 50 அடி வரை வளரும். ஆனால் அது தின்பது அரிசி மணி அளவே உள்ள கோப்பிபாட் என்ற மிதவை உயிரியை. அதனால் வாயைத் திறந்தபடியே மெதுவாக நீந்திக்கொண்டு போகும். கடலடியிலிருந்து மேலே மிதவை வரை செங்குத்தாக நிற்கிற நம் கயிறு அந்த வாய்க்குள் போய், சீப்பு போன்ற பலீன் தகடுகளில் மாட்டிக்கொள்ளும். மிருகம் பயந்து உருளும். உருள உருளக் கயிறு துடுப்பிலும் வாலிலும் சுற்றும். உடனே சாவதில்லை. கயிற்றோடு மாதக் கணக்கில் நீந்தும். இரை தேட முடியாமல் மெலியும். கயிறு சதைக்குள் இறங்கும். இந்த இனத்தில் பத்தில் எட்டுக்கு மேல் ஒருமுறையாவது கயிற்றில் சிக்கியவை என்பது உடம்பில் இருக்கும் தழும்புகளைப் படம் பிடித்து எண்ணித் தெரிந்துகொண்டது. இப்போது உயிரோடு இருப்பவை நானூறுக்கும் குறைவு. ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிற கூட்டம்கூட இல்லை.

1997-இல் கொண்டுவந்த பெரிய திமிங்கிலப் பாதுகாப்புத் திட்டம் மெய்னிலிருந்து புளோரிடா வரை கூடு வைப்பவர்களுக்கும் செவுள்வலை போடுபவர்களுக்கும் பொருந்தும். அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். நம் கையில் வேலையாக வந்து நிற்பது 2021 செப்டம்பரில் வந்த திருத்தம். 2022 மே முதல் தேதியிலிருந்து கயிறுகள் அதன்படி இருக்க வேண்டும். 2022 இறுதியில் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி 2028 முடியும் வரை நம் சிங்கி இறால் தொழிலுக்கு இந்த விதிகளே நிற்கும். மாநில விதிகள் தனியாக மாறலாம். அதனால் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் கடல்வளத் துறையில் உங்கள் பகுதிக்கான தாளை வாங்கிப் பார்த்துவிடுங்கள். நான் கீழே சொல்வது மெய்ன் கரையோரம், மூன்று மைலுக்குள், இரண்டிரண்டு கூடாக வைக்கும் எங்கள் படகின் கணக்கு.

சரி, கயிற்றுக்கு வருவோம்.

நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் அப்பா கைகளை விரித்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்று அளப்பார். இங்கேயும் அதே கணக்கு. ஒரு பாகம் ஆறு அடி. பதினைந்து பாகம் ஆழத்துக்குச் சரியாகப் பதினைந்து பாகம் கயிறு போதாது. இங்கே கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒன்பது பத்து அடி. நீவாடு, அதாவது நீரோட்டமும், மிதவையை இழுக்கும். ஆகவே கயிறு கூடுதலாகத்தான் வேண்டும். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் அந்தக் கூடுதல் கயிறு மேல்மட்டத்தில் பாம்பு மாதிரி மிதந்து கிடக்கக் கூடாது. விதி அதைத் தடுக்கிறது. மேலே மிதக்கிற கயிறு படகின் புரொப்பெல்லருக்கும் ஆபத்து. அதனால் மேல் பகுதிக்கு மூழ்கும் கயிறும், கூட்டுக்கு அருகில் பாரில், அதாவது கடலடிப் பாறையில், உரசாமல் நிற்க மிதக்கும் கயிறும் வைத்து இணைப்போம்.

தரைக் கயிற்றுக்கு வேறு விதி. ஒரு கூட்டையும் அடுத்த கூட்டையும் சேர்க்கிற கயிறு முன்பு மிதக்கும் வகையாக இருந்தது. இரண்டு கூடுகளுக்கு நடுவே கடலடியில் வளைவாக எழும்பி நிற்கும். தரையோரம் இரை தேடும் திமிங்கிலத்துக்கு அது சுருக்கு வைத்தது போல. 2009-இலிருந்து மூழ்கும் கயிறுதான் போட வேண்டும். மெய்ன் கரையோரம் பார் நிறைந்தது. மூழ்கும் கயிறு பாறையில் தேய்ந்து அறுந்துவிடும் என்பதால் விலக்குக் கோடு ஒன்று போட்டு, அதற்கு உள்ளே மட்டும் மிதக்கும் தரைக் கயிற்றை விட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் கூடு வைக்கிறீர்கள் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் தரைக் கயிறும் மாறும், மிதவையோடு கயிறு சேரும் இடத்தில் 600 பவுண்டில் விடுபடும் இணைப்பும் தேவைப்படும். தூரம் கூடக் கூட ஒரு சரத்தில், அதாவது தரைக் கயிற்றில் கோத்த ஒரு வரிசையில், இருக்க வேண்டிய கூடுகளின் எண்ணிக்கையும் கூடும். இருபது கூட்டை இரண்டிரண்டாக வைத்தால் பத்து மிதவைக் கயிறு. ஒரே சரமாக வைத்தால் இரு முனையிலும் ஒவ்வொன்று, மொத்தம் இரண்டு. எட்டுக் கயிறு கடலிலிருந்து குறைகிறது. எனக்குக் கேட்டால் எல்லா விதியிலும் இதுதான் நேரடியாகப் பலன் தருவது என்பேன்.

இப்போது தம்பி கேட்ட கேள்வி. நல்ல கயிற்றை ஏன் வெட்டுவது?

இந்தக் கடலில் 1,700 பவுண்டு, அதாவது சுமார் 771 கிலோ இழுவிசையில் அறுகிற இடம் ஒன்று கயிற்றில் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் புதுக் கயிறு மூவாயிரம் பவுண்டுக்கு மேல் தாங்கும். திமிங்கிலங்களின் உடம்பிலிருந்து எடுத்த கயிறுகளைச் சோதித்து, நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் ஏமி நோல்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் ஒரு முடிவு சொன்னார்கள்: கயிறு 1,700 பவுண்டிலோ அதற்குக் கீழோ அறுந்தால், உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் குறைந்தது 72 சதவீதம் குறையும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான். கூட்டைத் தூக்க அந்த வலு தாராளமாகப் போதும். வளர்ந்த திமிங்கிலம் உதறினால் அறுந்துவிடும்.

எங்கள் பகுதிக்குக் கயிற்றின் பாதி நீளத்தில் ஒரு பலவீனத் துண்டு போதும். நாங்கள் வைப்பது மூன்றடி நீளமுள்ள, உள்ளே குழலாகப் பின்னப்பட்ட உறை. மிதவைப் பக்கத்திலிருந்து அளந்து பாதியில் கயிற்றை வெட்டுங்கள். இரண்டு நுனியையும் உருக்கி, சூடு ஆறுவதற்குள் ஈரத் துணியால் உருட்டிக் கூராக்கிக்கொள்ளுங்கள். உறையின் இரு முனையிலிருந்தும் நுனிகளை உள்ளே செலுத்தி நடுவில் சந்திக்க விடுங்கள். வெளியே இருந்து இழுத்தால் உறை நீண்டு இறுகிக் கயிற்றைக் கவ்வும். இரு கையாலும் இழுத்துப் பாருங்கள், வழுக்கக் கூடாது. பின்னலை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் கயிறு உள்ளே மடிந்திருக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். உறையின் நிறம் கயிற்றின் நிறத்திலிருந்து வேறாக இருந்தால் நல்லது. சோதிக்க வருபவர் மட்டுமல்ல, கயிறு சுழன்று வரும்போது நீங்களும் அதைக் கண்ணால் பிடிக்க வேண்டும்.

முதல் சீசனில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். உறை மேல் நம்பிக்கை வராமல், இரு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு போட்டுப் பத்திரப்படுத்தினேன். நாற்பது கயிறு. அப்பா கற்றுத்தந்தது அப்படி. அவருடைய முடிச்சு அவிழ்ந்ததாக எங்கள் துறையில் யாரும் சொன்னதில்லை; அந்தப் பெருமை எனக்கும் உண்டு. கேப்டன் வந்து பார்த்தார், திட்டவில்லை. ஒரு கயிற்றைத் தன் விரல்களுக்கு நடுவே இழுத்தார். வெறும் கயிறு வழுக்கி வெளியே வந்தது. முடிச்சு விரலிடுக்கில் வந்து நின்றது. "இந்த விரல்தான் அதன் பலீன்" என்றார். அறுந்த கயிறு வாயிலிருந்து தானாக உருவிக்கொண்டு போக வேண்டுமானால் நுனியில் எதுவும் தடுக்கக் கூடாது. அன்று நாற்பதையும் வெட்டி மறுபடி செய்தேன். முடிச்சு இல்லாமல் வைக்க முடிந்த எந்த இடத்திலும் முடிச்சு வைக்காதீர்கள். மிதவைக் கயிற்றுத் துண்டுகளைச் சேர்க்கப் பிரி கோத்து, அதாவது இரு கயிற்றின் பிரிகளையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, இணையுங்கள். நேரம் கூடும், ஆனால் வழுவழுப்பாக இருக்கும்.

கடலில் ஒரு எச்சரிக்கை. கூடு பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால் ஹாலரை, அதாவது கயிறு இழுக்கும் இயந்திரத்தை, முழு வேகத்தில் இழுக்க வைக்காதீர்கள். பலவீனத் துண்டு அறும், கூடு கீழே போகும், அறுந்த நுனி முகத்துக்கு வரும். படகைக் கூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து, கோணத்தை மாற்றி மெதுவாக எடுங்கள். கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். முப்பது நாளுக்கு ஒருமுறையாவது எல்லாக் கூட்டையும் தூக்கியாக வேண்டும் என்பதும் விதி. மீன்பிடிக்கப் பயன்படுத்தாத கூட்டைக் கடலில் கிடங்கு மாதிரி விட்டுவைக்க முடியாது.

திமிங்கிலம் கண்ணில் பட்டால் ரைட் திமிங்கிலத்துக்கு 500 கஜம் விலகி நிற்க வேண்டும். கயிற்றோடு ஒன்றைப் பார்த்தால் இரக்கத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வானொலியில் சேனல் 16-இல் கோஸ்ட் கார்டைக் கூப்பிட்டு, இடத்தைச் சொல்லி, தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். மேலே தெரியும் கயிற்றை மட்டும் வெட்டினால் உள்ளே இறுகியிருப்பது அப்படியே இருக்கும், மீட்பவர்களுக்குப் பிடிக்க நுனியும் இருக்காது. கனடாவில் ஜோ ஹவ்லெட் என்ற சிங்கி இறால் மீனவர் பல திமிங்கிலங்களை விடுவித்தவர். 2017 ஜூலை 10 அன்று ஒன்றை விடுவித்த அடுத்த நொடியில் அதே திமிங்கிலத்தின் அடிபட்டு இறந்தார். அனுபவசாலிக்கே அந்தக் கதி.

குறி போடுவதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் ஏனோதானோ என்று இருக்கிறார்கள். மெய்னுக்கு ஊதா, நியூ ஹாம்ப்ஷயருக்கு மஞ்சள், மாசசூசெட்ஸுக்குச் சிவப்பு. மிதவையிலிருந்து இரண்டு பாகத்துக்குள் மூன்றடி நீளக் குறி ஒன்று. அப்புறம் மேல் பாதியில் ஓரடிக் குறி, கீழ் பாதியில் ஓரடிக் குறி. மூன்று மைலுக்கு வெளியே போனால் குறிகளின் எண்ணிக்கை கூடும், பக்கத்திலேயே பச்சையும் சேரும்.

"நம்மை நாமே மாட்டிவிடும் வேலை இது" என்று துறையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. கடன் வாங்கிப் படகு ஓட்டுகிறவர்களின் பயம் அது. ஆனால் 2024 ஜனவரி 28 அன்று மார்த்தாஸ் வைன்யார்ட் தீவின் கரையில் ஒரு மூன்று வயதுப் பெண் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. அதன் எண் 5120. வால் தொடங்கும் இடத்தில் கயிறு சதைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. 2022 ஆகஸ்டிலேயே அது கயிற்றோடு கண்ணில் பட்டிருந்தது. ஒன்றரை வருடம் வளர்ந்துகொண்டே அந்தக் கயிற்றைச் சுமந்திருக்கிறது. எடுத்த கயிற்றில் ஊதாக் குறி இருந்தது. எங்கள் மாநிலக் கயிறு. செய்தி வந்த அன்று கொட்டகையில் யாரும் பேசவில்லை. நான் ஊதா பெயிண்ட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறி இல்லாவிட்டால் அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. எந்தக் கடலில் எந்தக் கயிறு கொல்கிறது என்று தெரிந்தால்தானே, கொல்லாத இடத்தில் கூடு வைப்பவனைத் தொந்தரவு செய்யாமல் விடுவார்கள்?

அதனால் தெளிவாகப் போடுங்கள். டேப் வேண்டாம், ஒரு சீசனில் உரிந்து கடலுக்குப் போய்விடும். ஊதாக் கயிற்றுத் துண்டைப் பிரி கோத்துச் சேர்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. பெயிண்ட் அடிப்பதானால், ஒரு பலகையில் மூன்றடி இடைவெளியில் இரண்டு ஆணி அடித்துக் கயிறுகளைப் பக்கம் பக்கமாகக் கிடத்துங்கள். பாசியும் உப்பும் போகக் கழுவி நன்றாகக் காய்ந்த கயிறாக இருக்க வேண்டும். கயிற்றைப் பிரி திறக்கும்படி எதிர்ப்பக்கமாகத் திருகி, பிரிகளுக்கு நடுவிலும் பிரஷ்ஷை விடுங்கள். வெளியே மட்டும் அடித்தால் ஹாலரின் தட்டு ஒரு மாதத்தில் சுரண்டிவிடும். உள்ளே இறங்கிய நிறம் இரண்டு சீசன் நிற்கும்.

அடித்த பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள். இந்தக் குளிரில் மூன்று நாளும் ஆகலாம். ஈரத்தோடு சுருட்டினால் ஊதா பக்கத்துச் சுற்றுகளிலும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எது குறி, எது கறை என்று பார்ப்பவருக்குத் தெரியாது.