மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ரிப்போர்ட்டில் 'மெடுல்லரி' என்று இருந்தால், அயோடின் மருந்து குடித்துக் குணமான உறவுக்காரரின் நோயோடு இதைச் சேர்க்காதீர்கள். அவருக்கு வந்தது பெரும்பாலும் 'பாப்பிலரி' என்ற வேறு வகைத் தைராய்டு புற்றுநோயாக இருக்கும். மெடுல்லரி, தைராய்டில் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் 'சி' செல்களில் வருவது. அவை அயோடினை இழுத்துக்கொள்ளாததால் கதிரியக்க அயோடின் இங்கே பலிக்காது. வழக்கமான தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை நம்பிக் கட்டியை விட்டுவிடாதீர்கள். கட்டியோடு காரணமில்லாத வயிற்றுப்போக்கும் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் கால்சிடோனின், சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைகள்; இரண்டுமே இந்தப் புற்றுநோயின் அளவைக் காட்டும் குறியீடுகள். கால்சிடோனின் வெப்பத்தில் சிதையும். ஏற்காட்டில் ரத்தம் எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்வரை குழாய் பையிலேயே கிடந்தால் அளவு குறைத்துக் காட்டும். சேலத்துக்கு நேரில் வந்து கொடுங்கள். ரத்தத்தை உடனே பிரித்து ஐஸில் வைப்பார்களா என்று லேபில் கேளுங்கள். பான்டாப்ரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரைகள் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். சாப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, அட்ரினல் கட்டி இருக்கிறதா என்று காட்டும் மெட்டாநெப்ரின் பரிசோதனை. இதை விடவே கூடாது. பரம்பரையாக வரும் மெடுல்லரியோடு சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கலாம். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்து. அட்ரினல் கட்டி இருந்தால், மாத்திரையில் அழுத்தத்தை அடக்கிவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

சுமார் 4 பேரில் ஒருவருக்கு இது பரம்பரை நோய். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும் 'ரெட்' (RET) என்ற மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள். பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு; உடன்பிறந்தவர்களும் பார்க்க வேண்டும். அந்த மரபணுவின் 634-ஆம் இடத்தில் பிழை என்றால், குழந்தைக்கு 5 வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள்.

ஆபரேஷனில் தைராய்டு முழுவதையும், கழுத்தின் நடுப்பகுதி நிணநீர்க் கட்டிகளையும் எடுப்பார்கள். பிறகு உதட்டைச் சுற்றியோ விரல்நுனியிலோ மதமதப்பு வந்தால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம்; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தைராய்டு இல்லாததால் தினமும் தைராக்ஸின் மாத்திரை வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்; 60 கிலோ எடைக்கு 100 மைக்ரோகிராம் போல வரும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. பாப்பிலரிக்குச் செய்வதுபோல் டி.எஸ்.எச்.ஐ அடக்க வேண்டியதில்லை. சரியான அளவில் இருந்தால் போதும்.

சுமார் 3 மாதம் கழித்து அதே லேபில் கால்சிடோனின் பாருங்கள். மிச்சம் இருந்தால், அது இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது என்பதே முக்கியம். 6 மாதத்துக்குள் என்றால் வேகமான நோய். 2 வருடத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். பரவி வளர்கிறது என்றால் வேன்டெட்டனிப், கபோசான்டினிப் மாத்திரைகள் உண்டு. ரெட் பிழை உள்ளவர்களுக்கு செல்பெர்கேட்டினிப்.