ஆறு மாசம் பையத் தூக்கிட்டு வெளிநாடு கிளம்புறது எப்படி: முதல் தடவை போறவங்களுக்கு

எல்லாத்தையும் விட்டுட்டு கொஞ்ச நாள் எங்கயாவது போயிடணும்னு முடிவு பண்ணதும் முதல் வேலையா நான் பண்ணது மேப்ப திறந்து 14 நாட்டுல பின் குத்துனதுதான், அதுக்கப்புறம் எக்செல்ல நாள் வாரியா கலர் கலரா ஒரு ஷீட், எந்த ராத்திரி எந்த ஊருன்னு. கிளம்பி பதினோராவது நாள் காய்ச்சல்ல படுத்தேன், ஷீட்டும் அன்னைக்கே செத்துப்போச்சு. ஆஃபீஸ்ல இருந்து தப்பிக்கறேன்னு கிளம்பி கையோட ஒரு டைம்டேபிள கூட்டிட்டு போயிருக்கேன் பாருங்க.

இப்பல்லாம் நான் போடுற கணக்கே வேற. கிளம்புனதுக்கப்புறம் வழியில வச்சு சரி பண்ணவே முடியாத விஷயங்கள் கொஞ்சம் இருக்கு, அத மட்டும் முன்னாடியே கறாரா முடிச்சிடணும். மத்ததெல்லாம் போற வழியில பாத்துக்கலாம். கீழ இருக்கற ஸ்டெப் எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் வகைதான்.

ஸ்டெப் 1: பாஸ்போர்ட்

எக்ஸ்பயரி தேதிய பாருங்க. நிறைய நாடுங்க உள்ள வரும்போது இன்னும் 6 மாசமாவது பாக்கி இருக்கணும்னு கேப்பாங்க, ஆறு மாச ட்ரிப்புன்னா கடைசி நாட்டுக்கும் அது பொருந்தணும், அதனால கிளம்புற அன்னைக்கு ஒன்றரை வருஷமாவது இருக்கற மாதிரி ரினியூ பண்ணிக்கிட்டா நிம்மதி. வெத்துப் பக்கம் எத்தன மிச்சம்னும் எண்ணிக்கோங்க.

ஸ்டெப் 2: விசா நாள் கணக்கு

எல்லாரும் சொதப்புற இடம் இதுதான். ஐரோப்பாவுல ஷெங்கன் பகுதின்னு, நடுவுல எல்லை செக்கிங் இல்லாம ஒரே விசாவுல சுத்தற மாதிரி 29 நாடு இருக்கு, அதுல ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா 90 நாள்னு நினைச்சுக்கிட்டு ப்ளான் போடுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அப்படி இல்லங்க, 29-க்கும் சேத்து எந்த 180 நாள எடுத்தாலும் அதுக்குள்ள 90 நாள்தான், உள்ள போற நாளும் வெளிய வர்ற நாளும் ரெண்டும் கணக்குல வரும். ஜனவரி 1 உள்ள போறீங்க, மார்ச் 31 வெளிய வர்றீங்கன்னு வைங்க, லீப் வருஷம் இல்லன்னா கரெக்டா 90 முடிஞ்சுது. மறுபடி உள்ள காலெடுத்து வைக்கிறது ஜூன் 30-தான், ஒரு நாள் முன்னாடி போனாலும் தப்பு. உங்க விசாவுல அதுக்கும் குறைச்சலா நாள் போட்டிருந்தா அந்த நம்பர்தான் செல்லும். நடுவுல இருக்கற மூணு மாசத்துக்கு அல்பேனியா, செர்பியா, ஜார்ஜியா மாதிரி ஷெங்கன்ல சேராத நாடுங்கள பாக்கலாம், உங்க பாஸ்போர்ட்டுக்கு அங்க என்ன ரூல்னு அந்தந்த அரசாங்க சைட்ல பாத்துட்டு.

அப்புறம் ஒண்ணு, வெளிய போற டிக்கெட். நான் ஒரு தடவ ஒன்வே டிக்கெட்டோட செக்கின் கவுண்டர்ல போய் நின்னேன், அந்த நாட்ட விட்டு எப்ப கிளம்புவீங்கன்னு ப்ரூஃப் கேட்டாங்க, க்யூவ விட்டு தள்ளி நின்னு கை நடுங்க போன்ல பக்கத்து நாட்டுக்கு பஸ் டிக்கெட் போட்டதுக்கு அப்புறம்தான் போர்டிங் பாஸ் கைக்கு வந்துச்சு.

ஸ்டெப் 3: ஊசி

கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ட்ராவல் மெடிசின் பாக்கற டாக்டர்கிட்ட போயிடுங்க. மஞ்சள் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர், மஞ்சக்காமாலை இல்ல) ஊசி போட்டு 10 நாள் ஆனாதான் சர்டிஃபிகேட் செல்லும், 2016-ல இருந்து அது ஆயுசுக்கும் செல்லுபடி. இதுல நாட்டோட வரிசை முக்கியம்: ஆப்பிரிக்காவுலயோ தென் அமெரிக்காவுலயோ அந்த நோய் இருக்கற நாட்டுக்கு போயிட்டு அடுத்து வேற நாட்டுக்கு போனா அங்க அந்த ஊசி சர்டிஃபிகேட்ட, அதான் மஞ்சக் கார்ட, கேக்கலாம். வெறிநாய்க்கடி ஊசிய முன்கூட்டியே போடணுமான்னும் கேளுங்க, ஆனா போட்டிருந்தாலும் கடி வாங்கினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேணும். மலேரியா மாத்திரை சிலது அந்த நோய் இருக்கற ஊர விட்டு வந்தப்புறமும் நாலு வாரம் சாப்பிடணும், பாதியில நிறுத்திடாதீங்க.

ஸ்டெப் 4: ரூட்

நாட்ட குறைங்க. அவ்ளோதான். ஆறு மாசத்துக்கு ஆறு நாடே அதிகம்னு நான் சொல்லுவேன், ராத்திரி பஸ்ல தூங்கி காலைல இறங்கி மறுநாள் மறுபடி பஸ்னு ஓடினா எதுல இருந்து தப்பிச்சு வந்தீங்களோ அதேதான் முதுகுல பையோட நடக்கும்.

சீசன் மட்டும் பாத்துக்கோங்க. நேபாள மலைக்கு அக்டோபர், நவம்பர். தென் அமெரிக்காவோட தெக்கு முனையில இருக்கற படகோனியாவுக்கு டிசம்பர்ல இருந்து பிப்ரவரி, அங்க அப்பதான் கோடை. பெருவுல மச்சு பிச்சுவுக்கு நடந்து போற இன்கா ட்ரெயில ஒவ்வொரு பிப்ரவரியும் மூடிடுவாங்க, இது தெரியாம அந்த மாசத்துக்கு டிக்கெட் போட்டா அவ்ளோதான். மலை ஏறணும்னா 3000 மீட்டருக்கு மேல தூங்கற உயரத்த ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ரெஸ்ட். நேபாளத்துல அன்னபூர்ணா சர்க்யூட்னு ஒரு நடைப்பாதை, அதுல இருக்கற தொரோங் லா கணவாய் 5416 மீட்டர், அங்க அவசரப்பட்டு ஏறினா உடம்பு கேக்காது.

ஸ்டெப் 5: காசு

திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் ஒரு மாச செலவுக்கும் தனியா ஒதுக்கி மறந்துடுங்க. மிச்சத்த நாளால வகுத்து பாருங்க. ரெண்டு வேற வேற அக்கவுண்ட்ல இருந்து ரெண்டு கார்ட், ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு பைக்கு அடியில. ஏடிஎம்ல உங்க ஊரு கரன்சியில மாத்தவான்னு ஆசையா ஒரு கேள்வி வரும், வேண்டாம்னு அமுக்கி அந்த நாட்டு கரன்சியிலயே எடுங்க, அவங்க மாத்துற ரேட் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். ஓடிபி எந்த நம்பருக்கு வருதோ அந்த சிம் வெளிநாட்டுலயும் மெசேஜ் வாங்குமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே செக் பண்ணுங்க, இது வேலை செய்யலன்னா கார்ட் இருந்தும் இல்லாத மாதிரி.

ஸ்டெப் 6: பை

40 லிட்டர் போதும், 70 லிட்டர் வாங்கினா அதையும் ரொப்பிடுவீங்க. முதுகு நீளம் பாத்து வாங்கணும், உங்க மொத்த உயரத்த வச்சு இல்ல. தலைய முன்னால குனிஞ்சா கழுத்துக்கு கீழ ஒரு எலும்பு முட்டிக்கிட்டு வரும்ல, அங்க இருந்து ரெண்டு இடுப்பெலும்பு மேல கைய வச்சா கட்டைவிரல் ரெண்டும் முதுகுல சேர்ற இடம் வரைக்கும் யாரையாவது டேப் பிடிச்சு அளக்க சொல்லுங்க. பைய மாட்டினதும் முதல்ல இடுப்பு பெல்ட்ட அந்த எலும்பு மேல உக்கார வச்சு இறுக்குங்க, அப்புறம்தான் தோள் பட்டை. எடை முக்கால்வாசி இடுப்புலதான் நிக்கணும், தோள்ல மாட்டுற பட்டைக்கு அடியில ஒரு விரல் நுழையலன்னா எங்கயோ தப்பு. எட்டு கிலோ ரொப்பி மாடிப்படியோட சேத்து ரெண்டு மணி நேரம் நடங்க, வீட்டுக்கு வந்ததும் எத எடுத்து வெளிய வைக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

துணி ஒரு வாரத்துக்கு, அப்புறம் துவைக்கறதுதான். பவர் பேங்க செக்கின் பையில போடக்கூடாது, கையிலதான். 100 வாட் அவர் (பேட்டரி எவ்ளோ சக்தி பிடிக்கும்ங்கற அளவு) வரைக்கும் பொதுவா விடுவாங்க, 20,000 எம்ஏஎச்-னு போட்டிருந்தா சுமார் 74 வாட் அவர், பிரச்சனை இல்ல.

ஸ்டெப் 7: இன்ஷூரன்ஸ்

கிளம்புறதுக்கு முன்னாடியே எடுங்க, நடுவழியில எடுக்க நிறைய பாலிசி விடாது. சின்ன எழுத்துல ரெண்டு விஷயத்த மட்டும் தேடுங்க: எத்தன மீட்டர் உயரம் வரைக்கும் கவர், லைசென்ஸ் இல்லாம ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தா கவர் உண்டா. ரெண்டாவதுக்கு பதில் பெரும்பாலும் இல்ல.

ஸ்டெப் 8: முதல் மூணு ராத்திரி

பகல்ல போய் இறங்கற ஃப்ளைட்டா பாத்து போடுங்க. மூணு ராத்திரிக்கு ஹாஸ்டல்ல பெட் புக் பண்ணி ஏர்போர்ட்ல இருந்து அங்க போற வழிய போன்ல ஆஃப்லைன் மேப்பா இறக்கி வச்சுக்கோங்க. முதல் நாள் தூங்குங்க, ரெண்டாவது நாள் சிம் வாங்கிட்டு தெருவ சுத்துங்க, மூணாவது நாள் பக்கத்து பெட்ல இருக்கறவங்க எங்கிருந்து வந்தாங்க, அடுத்து எங்க போறாங்கன்னு பேசிப் பாருங்க. நாலாவது நாளுக்கு எதையும் புக் பண்ணி வைக்காதீங்க.