புழு வடிவமெல்லாம் கிரிகரின் அல்ல

இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரேயில் வெள்ளை நூல் போலக் கழிச்சல் கிடந்தால், வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைகளில் முதலில் வரும் பேச்சு, "கிரிகரின் வந்துட்டு". கிரிகரின் என்பது இறாலின் குடலில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் சொன்னேன். முதலாளி தீவனத்தில் கலக்க மருந்து மேல் மருந்தாக வாங்கிப் போட்டார். கழிச்சல் நிற்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தது கிரிகரினே இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

சரி, பார்க்கும் முறைக்கு வருவோம். குடல் விட்டுவிட்டுத் தெரிகிற இறாலாக ஐந்தாறு பிடியுங்கள். உயிரோடு இருக்க வேண்டும். செத்ததில் எல்லாமே கரைந்து குழம்பிவிடும். ஐஸ் தண்ணீரில் சற்று நேரம் போட்டால் துள்ளாது. முதுகு ஓட்டைக் கத்தரித்து, குடலை இடுக்கியால் மெதுவாக உருவி ஸ்லைடில் வையுங்கள். மேலே ஒரு சொட்டு விடுவது குளத்துத் தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. உப்பில்லாத நீரில் ஒட்டுண்ணி ஊதிச் சிதையும். கவர் கிளாஸை லேசாக அழுத்தி, 10 எக்ஸ் லென்ஸில் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைப்பது முக்கியம். பளீரென்று வைத்தால் கண்ணாடி போன்ற உடம்பு கண்ணுக்கே படாது.

நிஜமான கிரிகரின், பெரும்பாலும் நெமடாப்சிஸ் என்ற வகை, தானாக வழுக்கிக்கொண்டு நகரும். முன்னால் சின்னத் தலைப்பகுதி, நடுவில் ஒரு தடுப்பு, பின்னால் நீண்ட உடல். அந்த உடலுக்குள் வட்டமாக உட்கரு தெரியும். மலக்குடல் பக்கம் உருண்டை உருண்டையாகக் கூடுகளும் இருக்கலாம்.

என்னை ஏமாற்றியதும் புழு மாதிரியேதான் இருந்தது. ஆனால் தடுப்பு இல்லை, உட்கரு இல்லை, அசைவும் இல்லை. அது உயிரியே அல்ல. இறாலின் செரிமானச் சுரப்பி, நாங்கள் ஹெச்.பி. என்போமே, அதன் செல்களிலிருந்து உரிந்த மைக்ரோவில்லி, அதாவது செல்லின் மேல் இருக்கும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள், திரண்டு அந்த உருவம் எடுக்கிறது. தாய்லாந்து ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 2014இல் இதை எழுதினார்கள். கிரிகரினுக்கு மருந்து போட்டு இதை எப்படி நிறுத்துவது?

இந்தப் போலிப் புழுதான் தெரிகிறது என்றால் ஹெச்.பி.யில்தான் கோளாறு. ஹெச்.பி. செல்களுக்குள் வளரும் ஈ.ஹெச்.பி. என்ற நுண்ணிய ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். அதன் ஸ்போர் (வித்து) 2 மைக்ரான்கூட இல்லை, பண்ணை மைக்ராஸ்கோப்பை நம்பி முடிவு சொல்லாதீர்கள். ஹெச்.பி.யை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நிஜ கிரிகரின் என்றால் குளத்து அடியைக் கிளறிப் பாருங்கள். நத்தை, சிப்பி, பாலிகீட் என்ற கடல் புழு என்று ஏதோ ஒன்றின் உடம்பில் கொஞ்ச காலம் தங்கித்தான் அது இறாலுக்கு வருகிறது. அறுவடை முடிந்ததும் மண் வெடிக்கும்வரை குளத்தைக் காயவிட்டு, நத்தையைப் பொறுக்கி எறிந்த பிறகு அடுத்த குஞ்சு விடுங்கள்.