வெளிநாட்டில் சிறுநீரகம் வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால் செய்ய வேண்டியவை

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு அலைந்து களைத்துப்போன குடும்பத்திடம், "பாஸ்போர்ட்டை மட்டும் எடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், செலவு எவ்வளவு என்று கேட்கும் முன், சிறுநீரகம் தரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வடசென்னைக்கு இந்த வணிகம் புதிதன்று. வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே ஒரு காலத்தில் பெயர் விழுந்தது. சுனாமிக்குப் பின் எர்ணாவூர்க் குடியிருப்பில் வறுமையால் பெண்கள் சிறுநீரகம் விற்றதும் 2007இல் வெளியே தெரிந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடந்த ஆய்வில், 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். ஆனால் விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். வெளிநாட்டு மருத்துவமனையில் உங்களுக்காகப் படுக்கப்போகிறவரும் பெரும்பாலும் அப்படியொரு கடனாளியாகவே இருப்பார்.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. கொடையாளரை அவசரமாகப் பரிசோதிக்கும் இடங்களில் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் சிறுநீரகத்தோடு சேர்ந்தே வரலாம். புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை உட்கொள்ளும் உடலில் அவை விரைவாகப் பரவும். சிக்கல் எழும்போது அறுவை செய்தவர் கடல் கடந்து இருப்பார்.

ஆகவே முதலில் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், துணைவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் நெருங்கிய உறவினராகத் தானம் செய்ய இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் இடமளிக்கிறது. மனமிருந்தும் ரத்த வகை பொருந்தாவிட்டால், அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்துடன் கொடையாளரை மாற்றிக்கொள்ள அச்சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காக மருத்துவமனை வழியே பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மாற்று அறுவை நடக்கிறது; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உண்டா என்று அங்கேயே விசாரிக்கலாம். தரகருக்கு முன்பணம் தராதீர்கள். உறுப்பு வணிகத்துக்கு இந்தியச் சட்டம் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது.

ஏற்கெனவே வெளிநாடு போய் மாற்று அறுவை செய்துவந்தவர் வீட்டில் இருந்தால், வெட்கத்தால் மறைக்காமல், மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாமல், அறுவைக் குறிப்பு, மருந்துச் சீட்டு, கொடையாளரின் பரிசோதனை முடிவு ஆகியவற்றில் கையில் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டு உடனே சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.