நோம்பிக்குச் சாக்லேட்டில் முக்கியெடுத்த உருண்டைகள்

கச்சாயம், ஒப்பிட்டு, எள்ளுருண்டை, முறுக்கு என்று கொங்கு நாட்டு வீடுகளில் நோம்பி (பண்டிகை) பலகாரங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் வீட்டுக் குழந்தைகள் முதலில் தேடுவது சாக்லேட்டாகவே இருக்கிறது. கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பதைவிட, நம் அடுப்படியில் காலங்காலமாகப் பிடித்துவரும் கடலைக்காய் (நிலக்கடலை) உருண்டையையும் தேங்காய் உருண்டையையும் நல்ல சாக்லேட்டில் முக்கி எடுப்பது செலவிலும் சுவையிலும் மேலானது. இந்த வேலையில் கைத்திறனுக்கு இருக்கும் பங்கு சிறிதே. சூட்டையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு முதல் முறையிலேயே உருண்டைகள் பளபளப்பாக வரும். அவ்விரண்டையும் கவனிக்காதவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த சாக்லேட்டும் கைகொடுக்காது.

ஆகவே எந்த நோம்பிக்குச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தீபாவளி ஐப்பசி மழையோடு வருகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும், சர்க்கரை சேர்ந்த எதுவும் சீக்கிரம் கசியும். கிறிஸ்துமஸும் பொங்கலும் வரும் மார்கழியிலும் தையின் தொடக்கத்திலும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அசல் சாக்லேட் இறுகுவதற்கு ஏற்ற வெப்பமும் ஏறக்குறைய அதுதான். எனவே தீபாவளிக்குக் காம்பவுண்ட் சாக்லேட்டையும், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் அசல் சாக்லேட்டையும் பயன்படுத்துவதே என் பரிந்துரை. மார்கழியிலும் கூட வேலையை விடியற்காலையிலோ, இரவில் அடுப்பு அணைந்து அடுப்படி ஆறிய பிறகோ வைத்துக்கொள்வது நல்லது. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் செய்தால் எந்தச் சாக்லேட்டும் இறுகாது.

இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது என்றால், உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். அதில் கோகோ பட்டர் இருந்து வேறு கொழுப்பு இல்லையென்றால் அது அசல் சாக்லேட். அதன் இடத்தில் ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட். பின்னதை உருக்கி அப்படியே முக்கலாம், தனிப் பக்குவம் எதுவும் வேண்டியதில்லை, நம் ஊர் வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் நாக்கில் மெழுகு போலப் படியும். சிக்கனம் கருதி இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அவ்விரு கொழுப்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து உறையாது. மேற்பூச்சு மிருதுவாகவே நின்று, சில நாட்களில் வெளிறிப்போகும். ஆகையால் கலக்கவே கூடாது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைவதால், தோப்பு வைத்திருக்கும் சிலர் சொந்தக் கோகோவிலேயே சாக்லேட் செய்யலாமா என்று கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் அது வேறு வேலை. பழத்திலிருந்து எடுத்த விதைகளைச் சதையோடு ஐந்தாறு நாட்கள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, பல மணி நேரம் கல்லில் அரைத்தால்தான் அது சாக்லேட்டாகும். அந்த அரைப்புக்கு உலகெங்கும் உள்ள சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை ஒட்டி அமைத்த கல் இயந்திரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. நோம்பிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் கடையில் கிடைக்கும் கட்டியை வாங்கிக்கொள்வதே விவேகம்.

உள்ளே வைக்கும் உருண்டைக்கு வருவோம். கடலைக்காய் உருண்டைக்கு, வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 250 கிராம், கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை 125 கிராம், ஒரு மேசைக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது சுக்குத் தூள் போதும். மழைக்காலமாக இருந்தால் நாட்டுச் சர்க்கரையை வெறும் வாணலியில் மிக இலேசான சூட்டில் புரட்டி ஈரத்தைப் போக்கி, ஆறவைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இளகும் அளவுக்குச் சூடு போகக் கூடாது. பருப்பை மிக்சியில் ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டு அடித்து, தூள் விரல்களுக்கிடையே இலேசாக ஒட்டத் தொடங்கும் நிலையில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து வெண்ணெய்போல் ஆகிவிடும், உருண்டை நிற்காது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிசைந்து, சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டினால், ஒவ்வொன்றும் 12 கிராம் என்ற கணக்கில் முப்பதுக்குச் சற்று மேல் கிடைக்கும். உருண்டையின் மேல் வெடிப்போ பிசிறோ இல்லாதபடி உள்ளங்கையில் அழுத்தி வழவழப்பாக்குவது முக்கியம். பிசிறிலிருந்து உதிரும் தூள்தான் பின்னர் சாக்லேட்டில் கலந்து அதைச் சொரசொரப்பாக்குகிறது.

தேங்காய் உருண்டைக்குப் பச்சைத் தேங்காய்த் துருவலைச் சேர்க்கக் கூடாது. அதில் எடையில் பாதியை ஒட்டி நீர் இருப்பதால், எவ்வளவு கிளறினாலும் உள்ளே ஈரம் தங்கி, சாக்லேட் உறைக்குள் இரண்டே நாளில் புளிப்பு வாடை எடுக்கும். உலர் தேங்காய்த் துருவல் 200 கிராமும் கண்டென்ஸ்டு மில்க் 200 கிராமும், அதாவது 400 கிராம் டப்பாவில் பாதியும், ஏலக்காய்த் தூளும் சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் உருட்டும் பதத்துக்கு வந்துவிடும். காங்கேயம், பெருந்துறை வட்டாரத்தில் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) எளிதாகக் கிடைப்பதால் அதையே துருவிக்கொள்ளலாம். ஆனால் எண்ணெய் ஆட்டுவதற்கென்று கந்தகப் புகை காட்டி வைத்த பருப்பையும், சிக்கு வாடை அடிக்கும் பழைய பருப்பையும் தவிர்க்க வேண்டும். ஒரு துண்டை வாயிலிட்டு மென்று பார்த்து, கடைசியில் தொண்டையில் காறல் இல்லையென்றால் மட்டுமே வாங்குங்கள்.

உருட்டியவற்றைத் தட்டில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் கெட்டிப்படும். ஆனால் முக்குவதற்கு முன் வெளியே எடுத்து, மூடியபடியே அறையின் வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சில்லென்று இருக்கும் உருண்டையை முக்கினால் சாக்லேட் நொடியில் உறைந்து அழகாகத் தோன்றும். சிறிது நேரத்தில் உள்ளிருக்கும் உருண்டை சூடேறி விரியும்போது மேலோடு மயிரிழையாக வெடித்து, அந்த வெடிப்பின் வழியே எண்ணெய் கசியும். பார்வைக்குக் கெடுவதோடு, காற்றுப் புகுந்து பண்டமும் சீக்கிரம் கெடும்.

சாக்லேட்டைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் இரண்டு உருண்டைகளுமே இனிப்பு மிகுந்தவை என்பதால், மேலே மில்க் சாக்லேட் பூசினால் திகட்டிவிடும். 55 முதல் 60 விழுக்காடு கோகோ உள்ள டார்க் சாக்லேட்டின் இலேசான கசப்பே இவற்றுக்குப் பொருத்தம். முப்பது உருண்டைகளுக்கு மேற்பூச்சாகச் செல்வது 200 கிராம் அளவே என்றாலும், உருண்டை முழுவதும் மூழ்குவதற்கு ஆழம் வேண்டுமாகையால் 400 கிராம் உருக்கிக்கொள்ளுங்கள். எஞ்சியதில் வறுத்த கடலைக்காயைக் கொட்டிக் கிளறி, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டால் அதுவும் ஒரு பலகாரம்தான்.

அசல் சாக்லேட்டை உருக்கி அப்படியே ஊற்றினால் ஏன் மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் உறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பக்குவம் பிடிபடும். கோகோ பட்டர் ஆறு வகையான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வகை மட்டுமே பளபளப்பையும், கடித்தால் ‘டக்’கென்று உடையும் தன்மையையும், 34 டிகிரியை ஒட்டி வாயில் கரையும் குணத்தையும் தருகிறது. உருக்கும்போது எல்லாப் படிகங்களும் கலைந்துவிடுவதால், நல்ல படிகங்களை நாம் மீண்டும் விதைக்க வேண்டும். அதற்குச் சாக்லேட்டை நன்கு பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அகலமான போசியில் இரண்டு விரற்கடை தண்ணீரைச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்து, அதன் மேல் தண்ணீரைத் தொடாதபடி எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, மீதி இரண்டு பங்கையும் இட்டு மெதுவாகக் கிளறி, 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். கிண்ணத்தை எடுத்ததும் அடிப்பக்கத்தில் உள்ள நீரைத் துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, தனியே வைத்த நறுக்கலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 31 அல்லது 32 டிகிரிக்கு இறங்கும் வரை விடாமல் கிளறுங்கள். மில்க் சாக்லேட்டே வேண்டும் என்பவர்கள் 40 முதல் 45 டிகிரி வரை உருக்கி, 29 அல்லது 30 டிகிரிக்கு இறக்க வேண்டும். காம்பவுண்டுக்கு உருக்குவது மட்டுமே போதும்.

உணவு வெப்பமானி விலை குறைவுதான், வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. இல்லாதவர்கள் ஒரு துளியைச் சுத்தமான கரண்டியால் எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்க்கலாம். சூடாகத் தெரியாமல் சற்றே குளுமையாகத் தெரிந்தால் பதம் நெருங்கிவிட்டது. எப்படியிருந்தாலும் கத்தி முனையில் சிறிது தோய்த்து வைத்துப் பார்ப்பதை விடக் கூடாது. குளுமையான அறையில் ஐந்து நிமிடத்துக்குள் கோடு விழாமல் பளபளப்பாக இறுகினால் முக்கத் தொடங்கலாம். இறுகாமல் ஈரப்பசையோடு நின்றால் இன்னும் சிறிது நறுக்கலைச் சேர்த்துக் கிளற வேண்டும்.

இதில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரை அதைப் பிடித்துக்கொண்டு, முழுவதும் திரண்டு மணல்போல் ஆகிவிடும். கரண்டி, கிண்ணம், கை எல்லாம் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். மேலே மூடி போட்டால் ஆவி சொட்டும் என்பதால் மூடக் கூடாது. அப்படித் திரண்டுவிட்டால் அதை முக்குவதற்குத் திருப்ப முடியாது. சூடான பாலைத் தாராளமாக ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு, வேறு கட்டியை உடைத்துக்கொள்ளுங்கள்.

முக்குவதற்கு முள் கரண்டியின் நடுப்பற்களை வளைத்து ஒதுக்கி, ஓரப் பற்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் உருண்டையில் சாக்லேட் தேங்காது. உருண்டையை ஒன்று ஒன்றாகப் போட்டு, மூழ்கியதும் கரண்டியில் ஏந்தி எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் நான்கைந்து முறை தட்டி, அடிப்பக்கத்தை விளிம்பில் வழித்து, பட்டர் பேப்பரில் சாய்த்து இறக்க வேண்டும். தட்டுவதில் சிக்கனம் காட்டினால் அடியில் சாக்லேட் வழிந்து பாவாடைபோல் விரியும். மேலே வறுத்த எள்ளோ, தேங்காய்த் துருவலோ தூவுவதானால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று உருண்டைகளுக்கு ஒருமுறை தூவிவிட வேண்டும். கடலைக்காய் உருண்டையின் மேல் இரண்டு மூன்று கல்லுப்புப் பொடிகளை வைத்துப் பாருங்கள், நாட்டுச் சர்க்கரையின் மணம் தனியாக எழுந்து வரும். இடையில் சாக்லேட் கெட்டியானால் கிண்ணத்தை வெந்நீரின் மேல் சில நொடிகள் மட்டும் காட்டி எடுக்கலாம். வெப்பம் 34 டிகிரியைத் தாண்டினால் விதைத்த படிகங்கள் கலைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இறுகியவற்றைக் கையில் தொட்டால் ரேகை படியும் என்பதால் காகிதக் கிண்ணங்களுக்குள் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குங்கள். மார்கழிக் குளிரில் தேங்காய் உருண்டை வெளியில் ஐந்தாறு நாட்களும், கடலைக்காய் உருண்டை இரண்டு வாரமும் நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமலே வெளியில் வைத்து, குளிர் முழுவதும் அடங்கிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மேலே நீர் கோத்து, அது காய்ந்ததும் சர்க்கரை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அது பூஞ்சை அல்ல, தாராளமாக உண்ணலாம், ஆனால் விருந்தினருக்கு வைக்க இயலாது. பூப்பறிக்கும் நோம்பியன்று ஆற்றங்கரைக்குத் தின்பண்டம் கட்டிக்கொண்டு போகும் வழக்கமுள்ள வீடுகளில், அந்தப் பொட்டலத்துக்கென்று காம்பவுண்டில் முக்கிய கடலைக்காய் உருண்டைகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அசல் சாக்லேட் பூசியவற்றை வெயில் ஏறுவதற்குள் வீட்டிலேயே தின்று தீர்ப்பதுதான் சரி.