மீனின் விழித்திரையில் வைட்டமின் ஏ2வைக் கண்டறியும் முறை

வைட்டமின் ஏ என்றதும் ஏ1 எனப்படும் ரெட்டினோல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நன்னீர் மீன்கள் பலவும் தவளைகளின் தலைப்பிரட்டைகளும் பார்வைக்கு அதன் நெருங்கிய உறவான ஏ2வையும் நாடுகின்றன. ஏ2வின் வளையத்தில், மூன்றாம் நான்காம் கார்பன் அணுக்களுக்கிடையே, ஓர் இரட்டைப் பிணைப்பு கூடுதலாக உண்டு. அந்தச் சிறு மாற்றத்தால், சுமார் 500 நானோமீட்டரில் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் ரோடாப்சின் என்ற பார்வை நிறமிக்கு மாற்றாகச் சுமார் 522 நானோமீட்டரில் உறிஞ்சும் போர்ஃபிராப்சின் என்ற நிறமி உருவாகிறது. கலங்கிய நீரில் நீல ஒளி விரைவில் மங்கிச் செவ்வொளியே எஞ்சுவதால், இது அந்த உயிர்களுக்குப் பெரும் உதவி. 1930களில் ஜார்ஜ் வால்ட் இந்நிறமியை ஆராய்ந்து விவரித்தார்.

மாதிரி எடுக்கும்போதே அந்த உயிர் வாழ்ந்த நீர், வளர்நிலை, பருவம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்னீர் மீன் என்பதாலேயே அதன் கண்ணில் ஏ2 இருக்கும் என்று முடிவு செய்யக் கூடாது. சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும்போது ஏ2வின் பங்கு கூடுகிறது, விலாங்கு கடலுக்குப் புறப்படும்போது குறைகிறது. வளர்ந்த காளைத் தவளையிலோ விழித்திரையின் மேற்பகுதியில் ஏ2வும் கீழ்ப்பகுதியில் ஏ1உம் மிகுந்திருப்பதால், ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்தால் விடை பிழையாகிவிடும். ஈரலில் உள்ள இருப்பும் கண்ணின் நிலையைச் சொல்லாது. ஏனெனில் ஏ1ஐ ஏ2வாக மாற்றும் சிஒய்பி27சி1 என்ற நொதி, விழித்திரையை ஒட்டிய நிறமிப் படலத்திலேயே செயல்படுகிறது. இந்த நொதியின் பங்கு 2015இல்தான் தெளிவாயிற்று.

விழித்திரையைப் பிரிப்பதற்கு முன் மீனைச் சில மணி நேரம் இருளில் வைத்திருங்கள். வழக்கமான சிவப்பு விளக்கை இங்கே அப்படியே நம்பிவிடாதீர்கள், ஏனெனில் போர்ஃபிராப்சின் செவ்வொளியையும் ஓரளவு உறிஞ்சி வெளுத்துவிடும். அகச்சிவப்பு ஒளியும் அதைக் காட்டும் கருவியும் இருந்தால் நல்லது.

பிறகு ஹைட்ராக்சிலமீன் சேர்த்து, நிறமியில் உள்ள ரெட்டினலை (வைட்டமின் ஏயின் ஆல்டிஹைடு வடிவம்) ஆக்சைம் என்ற சேர்மமாக மாற்றி, ஹெக்சேனில் பிரித்தெடுத்து, கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையில் (HPLC) செலுத்துங்கள். ஆல்கஹால் வடிவத்தை அளப்பதானால், ஏ1இன் உச்சம் 325 நானோமீட்டரிலும் ஏ2வின் உச்சம் சுமார் 350 நானோமீட்டரிலும் அமையும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பிரிக்காத கலவையின் ஒற்றை உச்சத்தை வைத்து விகிதம் கணக்கிடாதீர்கள். ஆன்டிமனி ட்ரைகுளோரைடு சோதனையில் இவை முறையே 620, 693 நானோமீட்டர் அருகே நீல நிறத்தின் உச்சத்தைக் காட்டும். அவ்வேதிப்பொருள் அரிக்கும் தன்மையது, ஈரத்துடன் வினைபுரிவது என்பதால், புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே கையாளவும். ஒளி உறிஞ்சும் திறன் இரண்டுக்கும் வேறு என்பதால், உச்சங்களின் பரப்பை, அளவு தெரிந்த தரப் பொருள்களைக் கொண்டு திருத்திய பின்னரே விகிதத்தை எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஏ1 மட்டுமே கொண்ட மாட்டின் விழித்திரையையும், தைராய்டு ஹார்மோன் கொடுத்து ஏ2 உண்டாக்கிய வரிக்குதிரை மீனின் விழித்திரையையும் உடன் சோதியுங்கள். இவ்விரண்டும் எதிர்பார்த்த இடத்தில் உச்சம் காட்டாத நாளில், மற்ற மாதிரிகளின் முடிவுகளை ஏற்க வேண்டாம்.